கடல் பார்த்த கோயிலும் கடன்பட்ட கூலிகளும்



யாரை நினைவுகூர்கிறோம் என்பதோடு, எதை வைத்து நினைவுகூர்கிறோம் என்பதும் நினைவுச் சொற்பொழிவு கேட்க வேண்டிய கேள்வி. அதற்காக இன்று நாம் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் உள்ள ஒரு சிறிய கட்டடத்தை எடுத்துக்கொள்கிறோம். ஃபுக் தக் சி என்னும் சீனக் கோயிலாக இருந்த அது இன்று அருங்காட்சியகம்.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் காலூன்றியது. 1824இல் காண்டனீயரும் ஹக்காக்களும் கடலைப் பார்த்தபடி இக்கோயிலை எழுப்பினார்கள். மண்ணைக் காக்கும் துவா பெக் கோங் இங்கே தெய்வம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லி ஊதுபத்தி ஏற்றினார்கள். தம் பேச்சுமொழிக்காரரைத் தேடவும், வேலை விசாரிக்கவும், செத்தால் அடக்கம் செய்ய ஆள் வேண்டும் என்ற கவலையைச் சொல்லவும் ஏழைக்கு இத்தகைய கோயில்களே இருந்தன.

அப்படி இறங்கியவர்களில் பலர் சுதந்திரமாக இறங்கவில்லை. கப்பல் கட்டணத்தைத் தரகன் கட்டியிருப்பான். அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும் முதலாளிக்குக் கடன் தீரும்வரை உழைக்க வேண்டும். உடல்வலி மறக்க அபின். அந்த அபின் மீதான வரிக் குத்தகைதான் 19ஆம் நூற்றாண்டில் காலனி அரசின் மிகப் பெரிய வருமானம். சீனக் கூலிகளைக் கவனிக்க அரசு தனி அலுவலகம் திறந்தது 1877இல்தான்.

அதே தெருவில் நம் கடற்கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா கட்டினார்கள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் சாலை போட்டார்கள்; செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை எழுப்பினார்கள். பின்னால் தோட்டங்களுக்கும் நகரத் துப்புரவுக்கும் போன தமிழ்க் கூலிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். தீண்டாமையும் அவர்களோடு கப்பலேறியது. சிங்கப்பூரில் அது நீடித்ததையும் மெல்ல மறைந்ததையும் பற்றி ஜான் சாலமன் 2016இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் கோயிலுக்கு முன்னிருந்த அலை தொலைவுக்குப் போனது. 1994இல் வழிபாடு நின்றது. கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 1998இல் வணிக வளாகம் ஒன்றின் பகுதியாக, அருங்காட்சியகமாகத் திறந்தது. பழைய தெருவின் சிறு மாதிரியும் பாய்மரக் கப்பலின் மாதிரியும் அங்கே உண்டு. பின்னர் வந்த ஒரு ஹோட்டலின் விருந்தினர்கள் இதன் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். கூலி கும்பிட்ட வாசல் இன்று விடுதிக்கு முன்கூடம்.

கட்டடம் இடிபடாமல் நின்றதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அருங்காட்சியகம் என்ற அமைப்புக்கே ஒரு எல்லை உண்டு: பொருள் வைத்திருந்தவனின் பொருள்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வரும். மேலாடை ஒன்றும் கடன் ஒன்றுமாக இறங்கியவன் எதை விட்டுச்செல்வான்? சாலை அவன் போட்டது, ஆனால் அதில் அவன் பெயர் இல்லை. கடனைப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட முடியாது. தீண்டாமையையும் அப்படித்தான், அது பொருளல்ல, உறவு.

ஆகவே உடைமையற்றோரின் வரலாற்றை அவர்கள் விட்டுப்போன பொருளில் மட்டும் தேடினால் அவர்கள் இல்லாமலே போவார்கள். அவர்களைக் கணக்கெழுதியவர்களின் ஏட்டில் தேட வேண்டும்: கப்பல் பட்டியலில், கங்காணியின் பற்றுக் கணக்கில், சிறைப் பதிவேட்டில், இடுகாட்டுக் குறிப்பில். ஆண்டான் எழுதியதை அடிமையின் பக்கம் நின்று வாசிக்க வேண்டும். அதோடு, மலாயா போய்த் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சேரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டு வளர்ந்த கதைகளைப் பதிவு செய்யும் வேலையை மாணவத் தோழர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அந்தக் கதைகளைச் சொல்ல ஆளிருக்கும்போதே கேட்டாக வேண்டும்.