அல்சேஷன் நாயின் வரலாறு உணர்த்தும் பாடம்



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் 'எங்கள் வீட்டுச் செல்லப்பிராணி' எனும் கட்டுரையில் இவ்வாறு எழுதியிருந்தான்: "எங்கள் அல்சேஷன் நாய் பிறவியிலேயே மூர்க்கமானது. ஆகவே, அதனை எப்போதும் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறோம்." அவ்வாக்கியங்களில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும், அவற்றைக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் சிறுவயதில் நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தில், நிர்வாகியின் பங்களா வாசலில் ஓர் அல்சேஷன் நாய் இரவும் பகலும் கட்டப்பட்டிருக்கும். பள்ளிக்குச் செல்லும் வழியில் அதன்மீது கல்லெறிவது சிறுவர்களாகிய எங்களுக்கு விளையாட்டு. நானும் எறிந்திருக்கிறேன். ஒருநாள் சங்கிலி அறுந்தது. அந்நாய் ஒரு சிறுவனைக் கடித்தது. மறுநாள் அதனைச் சுட்டுக் கொன்றனர். "அந்த ஜாதி நாயே அப்படித்தான்" என்றனர் பெரியவர்கள். நானும் நெடுநாள் அவ்வாறே நம்பினேன். அக்கூற்று உண்மைதானா என்பதை அவ்வினத்தின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

பெயரிலிருந்து தொடங்குவோம். இவ்வினத்தின் இயற்பெயர் ஜெர்மன் ஷெப்பர்டு. அதாவது, ஜெர்மானிய மேய்ப்பு நாய். முதல் உலகப் போரையொட்டிப் பிரிட்டனில் ஜெர்மானியப் பெயர்கள்மீது வெறுப்பு நிலவியது. எனவே, அல்சாஸ் வட்டாரத்தின் பெயரால் 'அல்சேஷன்' என்று அழைக்கலாயினர். நம்மவர் நாவிலும் அப்பெயரே நிலைத்தது. பிரிட்டனின் கெனல் கிளப் 1977-ஆம் ஆண்டில்தான் இயற்பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டது.

1899-ஆம் ஆண்டு மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் எனும் ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி, நாய்க் கண்காட்சி ஒன்றில் ஓநாயை ஒத்த மேய்ப்பு நாய் ஒன்றைக் கண்டு விலைக்கு வாங்கினார். அதற்கு ஹோராண்ட் எனப் பெயர் சூட்டி, அவ்வாண்டே இவ்வினத்திற்கென ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். தோற்றத்தைவிட அறிவும் உழைப்புமே முதன்மை என்பது அவரது கொள்கை.

அக்கால ஜெர்மனியில் வேலியற்ற வயல்களுக்கு அருகே ஆடுகள் மேய்ந்தன. பயிரின் ஓரமாக இந்நாய் நாள் முழுதும் முன்னும் பின்னும் நடந்து, தானே வேலியாக விளங்கியது. தொலைவில் நிற்கும் மேய்ப்பரின் குறிப்பை உணர வேண்டும். கட்டளை வராத வேளையில் தானே முடிவெடுக்க வேண்டும். விழிப்பு, ஓயாத இயக்கம், அயலாரிடம் எச்சரிக்கை, தன் மேய்ப்பரிடம் ஆழ்ந்த பற்று ஆகிய குணங்கள் இப்பணிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டன. ஆக, பிறவிக் குணம் என்பது உண்டு. ஆனால், அதன் பெயர் மூர்க்கம் அன்று.

மேய்ச்சல் தொழில் குன்றியபோது, இந்நாய்களைக் காவல் பணிக்கும் போர்ப் பணிக்கும் பழக்கினர். பின்னாளில் நாஜிகளின் வதை முகாம்களில் கைதிகளை அச்சுறுத்தவும் இவ்வினமே பயன்பட்டது. அதற்கு முன்னரே, 1916-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட கெர்ஹார்ட் ஸ்டாலிங் எனும் மருத்துவர் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அங்கும் இதே இன நாய்கள் பயிற்சி பெற்றன. 1928-ஆம் ஆண்டு மோரிஸ் ஃபிராங்க் எனும் பார்வையற்ற அமெரிக்க இளைஞர், சுவிட்சர்லாந்தில் டோரதி யூஸ்டிஸ் அம்மையார் நடத்திய நாய்ப் பயிற்சி நிலையத்திற்குச் சென்றார். 'பட்டி' எனும் ஜெர்மன் ஷெப்பர்டுடன் நாடு திரும்பி, நியூயார்க்கின் நெரிசல்மிக்க சாலையைக் கடந்து காட்டினார். மறு ஆண்டே அமெரிக்காவில் 'சீயிங் ஐ' எனும் வழிகாட்டி நாய்ப் பள்ளி தோன்றியது.

அங்கே கற்பிக்கப்படும் ஒரு பாடம் ஆசிரியராகிய என்னை வியக்க வைத்தது. "முன்னே செல்" என்று எசமானர் ஆணையிட்டாலும், வாகனம் வருமாயின் நாய் நகரக் கூடாது. எப்போது கீழ்ப்படியக் கூடாது என்பதையும் அது கற்கிறது. அச்சுறுத்தி அடக்கப்பட்ட விலங்கினால் இதனைச் செய்ய இயலுமா?

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் எனும் அமெரிக்க அறிஞர்கள் தம் நெடுங்கால ஆய்வை 1965-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். குட்டி பிறந்த 3-ஆம் வாரம் முதல் 12-ஆம் வாரம் வரையிலான காலமே அது மனிதரோடு பழகக் கற்கும் முக்கியப் பருவம் என்பதை அவர்கள் விளக்கினர். அப்பருவத்தில் மனிதர் முகமே காணாத குட்டி பின்னாளில் மனிதரைக் கண்டு அஞ்சும். அச்சம் கடியாக மாறும்.

ஆகவே, இவ்வினக் குட்டியை வாங்க எண்ணும் பெற்றோர் முதலில் தம் நேரத்தைக் கணக்கிட வேண்டும். அன்றாடம் நெடுநடை, குறுகிய நேரப் பயிற்சி, சரியாகச் செய்ததும் பாராட்டும் சிறு தீனியும், வீட்டார் அனைவரும் பயன்படுத்தும் ஒரே கட்டளைச் சொல், பலரோடும் அச்சமின்றிப் பழகும் வாய்ப்பு ஆகியவை அதற்குத் தேவை. நாள் முழுதும் நடப்பதற்கென வளர்க்கப்பட்ட உயிரை ஈரடிச் சங்கிலியில் பிணைத்துவிட்டு, அதன் குணத்தைக் குறைகூறுதல் முறையாகாது.

அம்மாணவனின் கட்டுரையில் 'ஆகவே' எனும் சொல்லின் கீழ்க் கோடிட்டு, "கட்டி வைப்பதற்கு முன் அது எப்படி இருந்தது? அப்பாவிடம் கேட்டு வா" என்று எழுதியனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வந்து நின்றான். "சார், குட்டியாக இருந்தபோது எல்லாருடைய செருப்பையும் தூக்கிக்கொண்டு ஓடி விளையாடுமாம். கட்டிய பிறகுதான் உறுமத் தொடங்கியதாம்" என்றான். பிறகு, சற்றுத் தயங்கி, "நேற்று மாலை அப்பாவும் நானும் அதைத் திடலுக்கு அழைத்துப் போனோம், சார்" என்றான்.

கல்லெறிந்த என் கைகளுக்கு அச்சொல் சிறிது ஆறுதல் அளித்தது.