கைரேகையும் அடையாளமும்: ராஜ்யதர் கோனாயின் கைப்பதிவு

தி அன்டோல்ட் இன்டிமசி ஆஃப் டிஜிட்ஸ் என்பது தில்லியைச் சேர்ந்த ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்னும் கலைக்குழு 2011 ஆம் ஆண்டில் உருவாக்கிய காணொளிப் படைப்பாகும். 1858 இல் வங்காளத்தில் எடுக்கப்பட்ட ஒரு கைப்பதிவே இதன் கரு. ஜீபேஷ் பாக்சி, மோனிகா நருலா, சுத்தபிரத சென்குப்தா ஆகியோர் இக்குழுவை 1992 இல் தொடங்கினர்.

வரலாறு

1858 சூலையில் ஜங்கிப்பூரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல், சாலைக்கான சரளை வழங்க ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஒப்பந்தம் செய்தார். கோனாய் எழுதத் தெரிந்தவர். ஒப்பந்தத்தைத் தம் கைப்படவே எழுதியவர். இருப்பினும், பின்னாளில் அவர் மறுக்காதிருக்க, அவரது உள்ளங்கையில் முத்திரை மையைத் தடவித் தாளின் பின்புறம் பதித்தார் ஹெர்ஷல். அப்போது இருவரும் கைரேகை சோதிடம் பற்றி வேடிக்கையாகப் பேசிக்கொண்டதாக ஹெர்ஷல் பின்னர் எழுதினார்.

1877 இல் ஊக்ளியில் ஓய்வூதியம், பத்திரப் பதிவு, சிறை ஆகியவற்றில் அவர் விரல்ரேகையைப் பயன்படுத்தினார். பிரான்சிஸ் கால்டனிடம் சென்ற கோனாயின் கைப்பதிவு, இன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கால்டன் தொகுப்பில் உள்ளது. 1897 இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு அமைந்தது. அதன் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அசிசுல் அக், ஹேம் சந்திர போஸ் ஆகியோர் பெரும்பங்கு வகித்தபோதும், அம்முறை எட்வர்டு ஹென்றியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

படைப்பு

காணொளியில் கோனாயின் கைப்பதிவு அசைவூட்டம் பெற்று, விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே இருக்கிறது. தலைப்பிலுள்ள டிஜிட்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விரல், இலக்கம் என இரு பொருளும் உண்டு. தலைப்பின் முதலெழுத்துகள் யு.ஐ.டி. எனச் சேர்ந்து, ஆதார் திட்டத்தின் தனித்துவ அடையாள எண்ணைக் குறிக்கின்றன.

இன்றைய பொருத்தம்

முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது. பத்து விரல்ரேகைகள், இரு கருவிழிகள், முகப்படம் ஆகியவை 12 இலக்க எண்ணுடன் இணைக்கப்படுகின்றன. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என 2017 ஆகத்து 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 தீர்ப்பு, ஆதார் சட்டத்தின் சில பிரிவுகளை நீக்கி, நலத்திட்டங்களுக்கு அதை ஏற்றது.

தமிழில் கைநாட்டு என்பது எழுத்தறியாதவரைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. இன்றோ கற்றவரும் கல்லாதவரும் விரல் வைத்தே தம்மை மெய்ப்பிக்கின்றனர். தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை போன்ற உழவர் ஊர்களில் இது நேரடியான சிக்கலாகும்: மண்ணில் உழைத்துத் தேய்ந்த ரேகையை நியாயவிலைக் கடைக் கருவி ஏற்காவிட்டால், ஊரே அறிந்தவரும் தாம் யார் என்பதை மீண்டும் நிறுவ வேண்டியுள்ளது. தம் கைப்பட எழுதியும் நம்பப்படாத கோனாயின் நிலையும் இதுவே.