செஞ்சிக்கு ஏன் இன்னும் ரயில் வரல?

போன வாரம் கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ் ஏறி, செஞ்சியில இறங்கினேன். பௌர்ணமிக்கு முந்தின நாள்னு ஏறின பிறகுதான் தெரிஞ்சுது. திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கிட்டே பயணம். பக்கத்துல நின்ன ஒரு அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்புறவங்க, "எங்க ஊருக்கு ரயில் வருது வருதுன்னு என் பையன் பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து சொல்றாங்க தம்பி. இப்ப அவனுக்கே கல்யாணம் ஆயிடுச்சு"ன்னாங்க. இந்த எபிசோடு அந்த ஒரு வரியிலிருந்து பிறந்ததுதான்.

முதல்ல கோட்டையைப் பார்ப்போம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம்னு மூணு மலை, மூணையும் இணைக்கிற மதில். கீழ்க்கோட்டை வாசல்களோட பேரைக் கவனிங்க: ஒண்ணு வேலூர் வாசல், இன்னொண்ணு புதுச்சேரி வாசல். நம்ம பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல ஊர்ப் பேர் எழுதி வைக்கிற மாதிரியேதான். எந்த வாசல்ல வெளியே போனா எந்த ஊருக்குப் போகலாம்னு பேரே சொல்லிடும்.

அந்தப் பாதைகள் எவ்வளவு முக்கியம்னு 1690கள்ல நடந்த முற்றுகையைப் பார்த்தா புரியும். 1677ல சிவாஜி பிடிச்ச இந்தக் கோட்டையில, அவர் மகன் ராஜாராம் தங்கியிருந்தார். ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான் 1690ல வந்து வளைச்சார். கோட்டை விழுந்தது 1698ல! ஏன் இவ்வளவு இழுத்தது? மலையும் மதிலும் மட்டும் காரணம் இல்லை. 1692 கடைசியில சந்தாஜி, தனாஜி என்ற ரெண்டு மராத்தா தளபதிகள் வந்து, முகலாயப் படைக்குத் தானியம் வர்ற வழியை அடைச்சுட்டாங்க. வளைச்சவங்களுக்கே சாப்பாடு இல்லாமப் போச்சு. சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கி, திரும்பவும் வந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. கோட்டை எவ்வளவு பலமா இருந்தாலும், சாலை யார் கையில இருக்குங்கிறதுதான் கணக்கு.

1750ல பிரெஞ்சுக்காரங்க, 1761ல ஆங்கிலேயர்கள். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கோட்டைக்கு ராணுவ வேலை இல்லாமப் போச்சு. புதுச்சேரி கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூண்கள் இருக்கே, அதெல்லாம் செஞ்சியிலிருந்து போனது. ஊருக்குள்ள வந்த பாதை, ஊரை வெளியே கொண்டுபோற பாதையா மாறிடுச்சு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில ரயில் வந்தது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியா விழுப்புரத்துக்கு ஒரு தடம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியா காட்பாடிக்கு இன்னொரு தடம். மேப்பை எடுத்துப் பாருங்க, செஞ்சியை ரெண்டு பக்கமும் தொடாம ஒதுங்கிப் போகும். இன்னிக்குக்கூட திண்டிவனத்துலேர்ந்து திருவண்ணாமலைக்கு ரயில்ல போகணும்னா, தெற்கே விழுப்புரம் இறங்கி மறுபடி மேலே ஏறணும். நூறு கிலோமீட்டருக்கு மேல. நேர்த்தடம் போட்டா சுமார் 71 கிலோமீட்டர்தான், செஞ்சி நடுவுல வரும்.

அந்த நேர்த்தடத்துக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டுலயே ஒப்புதல் கிடைச்சாச்சு. ஆனா ஒப்புதலும் வேலையும் ஒண்ணு இல்லையே! சில வருஷம் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கின தொகை 1,000 ரூபாய். ஆமா, ஆயிரம்தான். திட்டத்தை மூடவும் இல்லை, நடத்தவும் இல்லை, ஃபைலை உயிரோட வெச்சிருக்க ஒரு டோக்கன். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம்: வருஷக்கணக்கா 'இன் ப்ராக்ரஸ்'லயே நிக்கிற டிக்கெட்.

பணம் ஒரு பாதி, நிலம் மறுபாதி. இந்தத் தடத்துக்கு 273 ஹெக்டேர் வேணும், கையில இருக்கிறது 33தான்னு ரயில்வே அமைச்சகம் சமீப வருஷங்கள்ல சொல்லியிருக்கு. மீதி 240 ஹெக்டேர். மாநில அரசு நிலம் எடுத்துத் தரணும், மத்திய அரசு பணம் தரணும். பணம் வராம நிலம் எடுக்கிறது கஷ்டம், நிலம் இல்லாம பணத்தைச் செலவு பண்ணவும் முடியாது. ரெண்டு ப்ராசஸும் ஒண்ணுக்கொண்ணு காத்திருந்தா என்ன ஆகும்? டெட்லாக்.

அந்த நிலத்தை வெறும் எண்ணாப் பார்க்கவும் கூடாது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல வந்து குவியுற நெல்லும் மணிலாவும் இந்தச் சுத்துவட்டாரத்துல விளையுறதுதான். நிலம் கொடுக்கிற விவசாயிக்கு நியாயமான விலை உடனே கிடைக்கணும். இருபது வருஷமா 'எடுக்கப்போறோம்'னு சொல்லிட்டே இருந்தா, அவர் அதை நம்பி விற்கவும் முடியாது, கிணறு வெட்டவும் முடியாது.

2025 ஜூலையில யுனெஸ்கோ, மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்னு 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. 11 மகாராஷ்டிராவுல, ஒண்ணே ஒண்ணு தமிழ்நாட்டுல, அது செஞ்சி. இனி வெளியூர்க் கூட்டம் வரும். ரயில் இல்லைன்னா அத்தனை பேரும் காரும் வேனுமா, அதே திருவண்ணாமலை ரோட்டுலதான் வருவாங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா கட்ட முடியாது, அதுக்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேணும். அப்போ பார்க்கிங் எங்கே, பஸ் எங்கே திரும்பும்? இதை இப்பவே யோசிக்கணும். ரயிலுக்குக் காத்திருக்காம செய்யக்கூடிய வேலையும் இருக்கு: பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோட்டைக்கு அடிக்கடி ஒரு மினி பஸ், பௌர்ணமி நாள்ல செஞ்சிக்காரங்களுக்குன்னு தனியா நாலு பஸ்.

கோட்டை பார்க்க வர்ற நமக்கு ஒரு நாள் நின்னுக்கிட்டுப் போறது ஒரு கதை, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அடுத்த மாசமும் ஆஸ்பத்திரி இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.