பழைய ஃபோட்டோஷாப்பும் புதிய கணினியும்: ஓர் இடமாற்றத்தின் வரலாறு

ஒளிப்படங்களைத் திருத்தும் மென்பொருளை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மாற்றுதல் என்னும் செயல், அம்மென்பொருள் எந்திரத்திலிருந்து பிரிந்து தனிச் சரக்காக விற்கப்படத் தொடங்கிய பிறகே தோன்றியது. அச்சுக்கு முந்தைய வண்ணப் பணிகளுக்கென இஸ்ரேலின் சைடெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய அமைப்புகளிலும், தொலைக்காட்சி நிலையங்களுக்கென பிரிட்டனின் குவான்டெல் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பெயின்ட்பாக்ஸிலும் நிரலும் எந்திரமும் ஒன்றாகவே செய்யப்பட்டு ஒன்றாகவே விற்கப்பட்டன. அவ்வெந்திரம் பழையதானால் அடுத்ததை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நிரலை மட்டும் எடுத்துச் செல்வது பற்றி எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

இந்நிலையை மாற்றியவற்றுள் முதன்மையானது ஃபோட்டோஷாப். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் நோல், தம் மெக்கின்டாஷ் பிளஸ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படிநிலைகளைக் காட்டுவதற்காக 1987இல் எழுதிய சிறு நிரல்களிலிருந்து அது வளர்ந்தது. திரைப்படக் காட்சி வித்தைகளுக்குப் பெயர்பெற்ற இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஜான் நோல் அதன் பயனை உணர்ந்து, முழுமையான மென்பொருளாக்கும்படி தூண்டினார். முதலில் பார்னிஸ்கேன் என்னும் வருடியுடன் ஏறத்தாழ 200 படிகள் வழங்கப்பட்டன; வருடி என்பது அச்சுப் படத்தையோ படச்சுருளையோ எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் கருவி. அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பை மெக்கின்டாஷுக்கு மட்டும் வெளியிட்டபோது, படத்திருத்தம் எந்த ஒரு தனி எந்திரத்தையும் சாராத, பிளாப்பித் தட்டுகளில் அடங்கும் பொருளாயிற்று.

அக்காலத்தில் இடமாற்றம் எளிதாகவே இருந்தது. வாங்கியவர் தட்டுகளைப் புதிய கணினியில் செருகி நிறுவி, பெட்டியுடன் வந்த வரிசை எண்ணைத் தட்டச்சு செய்தால் போதும். அந்த எண் அமைப்பின்படி சரியாக உள்ளதா என்பதை மென்பொருளே தன்னளவில் சரிபார்த்துக்கொண்டது. அது யாரிடமும் கேட்டு ஒப்புதல் பெறவில்லை. கள்ளப்படிகள் பெருகுவதற்கு இந்த எளிமையே இடங்கொடுத்தது என்பது உண்மை. பணம் கொடுத்து வாங்கியவர் தம் உடைமையைத் தம் விருப்பப்படி எடுத்துச் செல்ல முடிந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

முதல் தடை நிறுவனத்தின் விதிகளிலிருந்து வரவில்லை. கணினியின் நுண்செயலியிலிருந்து வந்தது. நுண்செயலி என்பது கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு. ஒவ்வொரு வகைச் சில்லும் தனக்கென ஒரு கட்டளை மொழியைக் கொண்டது. ஃபோட்டோஷாப் 1.0.1 பதிப்பின் மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவிலுள்ள நிரலை, கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013 பிப்ரவரியில் பொதுமக்களின் பார்வைக்கு வெளியிட்டது. 179 கோப்புகளில் ஏறத்தாழ 1,28,000 வரிகள் கொண்ட அந்நிரலில் முக்கால் பங்கு பாஸ்கல் என்னும் பொதுமொழியில் இருக்க, ஏறக்குறைய 15 விழுக்காடு மோட்டோரோலா 68000 சில்லின் சொந்தக் கட்டளைகளில் எழுதப்பட்டிருந்தது. வேகம் குறைந்த கணினிகளில் பெரிய படங்களைக் கையாள்வதற்கு அது தேவையாக இருந்தது. ஆனால் மென்பொருளை வேகமாக்கிய அதே பகுதிதான் அதனை ஒரு குறிப்பிட்ட சில்லோடு இறுகப் பிணைத்தும் வைத்தது.

ஆப்பிள் நிறுவனம் 1994இல் பவர்பிசி சில்லுக்கு மாறியபோது, பழைய சில்லின் கட்டளைகளைப் புதியது விளங்கிக்கொள்ளும்படி மொழிபெயர்க்கும் பாவிப்பு நிரலை இயங்குதளத்திலேயே சேர்த்திருந்ததால், பழைய மென்பொருள்கள் வேகம் குன்றியேனும் இயங்கின. 2006இல் இன்டெல் சில்லுக்கு மாறியபோது ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பி அதே பணியைச் செய்தது. ஆனால் 2011இல் வெளிவந்த லயன் இயங்குதளத்தில் ரொசெட்டா நீக்கப்பட்டவுடன், பவர்பிசிக்காக எழுதப்பட்ட ஃபோட்டோஷாப் சிஎஸ்2 போன்ற பதிப்புகள் புதிய மெக்கின்டாஷ் கணினிகளில் ஒரேயடியாகச் செயலிழந்தன. 2019இல் வந்த கேட்டலினா 32-பிட் நிரல்களுக்கான ஆதரவை நிறுத்தியது. பிட் என்பது கணினி ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அகலத்தைக் குறிக்கும் அலகு. அப்போது சிஎஸ்6 பதிப்பு சிக்கிக்கொண்ட விதம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதன் ஃபோட்டோஷாப் நிரல் 64-பிட் வகையைச் சேர்ந்ததுதான். எனினும் அதனை நிறுவும் நிரலும் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதிகளும் 32-பிட்டாகவே விடப்பட்டிருந்ததால், படத்தைத் திருத்தும் ஆற்றல் முழுமையாக இருந்தும் புதிய இயங்குதளத்திற்குள் அது முறையாக நுழைய முடியாமற்போனது.

விண்டோஸ் இயங்குதளம் இவ்வகையில் கூடுதல் பொறுமை காட்டியது. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்களை 64-பிட் விண்டோஸ் ஏற்பதில்லை என்றாலும், 2000ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட 32-பிட் நிரல்கள் பல இன்றும் அதில் இயங்குகின்றன. 2002இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் 7 நெடுங்காலம் புழக்கத்தில் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வரிசை எண்ணுக்கு அப்பால் எந்த ஒப்புதலும் கேட்காத பெரும் பதிப்புகளில் அதுவே கடைசி என்பது மற்றொரு காரணம்.

2003இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ் விண்டோஸிலும், 2005இல் வந்த சிஎஸ்2 இரு தளங்களிலும் ஆக்டிவேஷன் என்னும் முறையைக் கொண்டுவந்தன. மென்பொருளை நிறுவியவர் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு, அந்தக் கணினியில் அதனை இயக்குவதற்கு ஒப்புதல் பெறவேண்டும் என்பதே அம்முறை. ஒரே வரிசை எண்ணுக்கு இரண்டு கணினிகள் வரை அனுமதி உண்டு. புதியதற்கு மாறுவோர் பழையதில் ஒப்புதலை முறைப்படி விலக்கிக்கொள்ள வேண்டும். பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டால் விலக்குவதற்கு வழியில்லாமல், இல்லாத கணினி ஒன்று சர்வரின் கணக்கில் இருப்பதாகவே நீடிக்கும். வாடிக்கையாளர் தொலைபேசியில் நிலைமையை விளக்கி இசைவு பெற்றாக வேண்டும். கணினியை மாற்றுதல் என்னும் வீட்டு வேலை, இவ்வாறு, ஒரு நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெறும் சலுகையாக மாறியது. இந்த வரலாற்றில் ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றம் இதுவே. சில்லுகளின் மாற்றத்தைவிட இதன் விளைவுகள் ஆழமானவை.

வாங்கியவர் உண்மையில் எதற்கு உரிமையாளர் என்ற கேள்வியை நீதிமன்றங்களும் ஒரே விதமாகப் பார்க்கவில்லை. 2001இல் சாஃப்ட்மேன் நிறுவனத்திற்கும் அடோபிக்கும் இடையே நடந்த வழக்கில் கலிபோர்னியாவின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம், ஒரே முறை பணம் பெற்றுக்கொண்டு காலவரையின்றிக் கொடுக்கப்பட்ட மென்பொருள் படியை விற்கப்பட்ட பொருளாகவே கருதியது. 2010இல் வெர்னருக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிம ஒப்பந்தம் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்திருந்தால் வாங்கியவர் உரிமம் பெற்றவர் மட்டுமே எனத் தீர்ப்பளித்தது. 2012இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ, யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரையற்ற உரிமத்துடன் தரப்பட்ட மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்றது. அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் ஒரே பெட்டிக்கு இரண்டு பொருள்கள் நிலைபெற்றன.

சட்டம் எதுவாயினும், ஒப்புதல் தரும் சர்வர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு விடை விரைவிலேயே கிடைத்தது. சிஎஸ்2 தொகுதிக்கான ஆக்டிவேஷன் சர்வர்களை அடோபி நிறுத்தியபோது, அதனை முன்பே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பையும் அதற்கான வரிசை எண்களையும் தன் வலைத்தளத்தில் வெளியிட்டது. அது இலவச வெளியீடு என்ற செய்தி 2013 ஜனவரியில் உலகெங்கும் பரவியதும், பழைய உரிமம் வைத்திருப்போருக்கு மட்டுமே அது உரியது என நிறுவனம் விளக்கம் தந்தது. செய்த செயல் நேர்மையானது. தன் வாடிக்கையாளருக்கு ஒரு நிறுவனம் ஆற்றவேண்டிய கடமைக்கு அதனை முன்மாதிரியாகவே கொள்ளலாம். ஆயினும் மெக்கின்டாஷ் பயனர்களில் லயனுக்கு மாறியவர்களுக்கு அதனால் பயனில்லை. ஒப்புதல் என்னும் பூட்டு திறக்கப்பட்டபோது அவர்களுடைய புதிய கணினிகள் பவர்பிசி நிரல்களை மறந்துவிட்டிருந்தன.

அதே ஆண்டு மே 6 அன்று, இனி காலவரையற்ற உரிமத்தில் புதிய பதிப்புகள் வரமாட்டா என்றும், கிரியேட்டிவ் கிளவுட் என்னும் சந்தா முறையே தொடரும் என்றும் அடோபி அறிவித்தது. இதனை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டும் முடிவு மாறவில்லை. சந்தா முறையில் இடமாற்றம் மீண்டும் எளிதாயிற்று. கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் எந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் பழைய பதிப்பை வைத்துக்கொள்ளும் உரிமை போயிற்று. கிளவுட்டின் முந்தைய பதிப்புகள் சிலவற்றைப் பயன்படுத்த இனி உரிமமில்லை என்று 2019 மே மாதத்தில் சந்தாதாரர்களுக்கு அனுப்பப்பட்ட அறிவிப்பு இதனை உறுதிப்படுத்தியது.

இடம் மாறாமல் நின்றுவிடுவது நிரல் மட்டுமன்று. அதனைச் சூழ்ந்து வளர்ந்த பலவும் அவ்வாறே நின்றுவிடுகின்றன. ஃபோட்டோஷாப்புடன் இணைந்து கூடுதல் விளைவுகளைத் தரும் பிளக்-இன் எனப்படும் செருகுநிரல்களில் 32-பிட்டில் எழுதப்பட்டவை 64-பிட் ஃபோட்டோஷாப்பில் இயங்கமாட்டா என்பதால், வேகமான பதிப்பு கைக்கு எட்டியும் பலர் பழையதையே நம்பியிருந்தனர். கேமராவின் உணரி பதிவு செய்த மூலத் தகவலை அப்படியே சேமிக்கும் ரா கோப்புகளிலும் இதே நெருக்கடி, எதிர்த்திசையில், எழுந்தது: பழைய மென்பொருள் புதிய கணினியில் இயங்கினாலும், அதற்குப் பின் வந்த கேமராக்களின் ரா கோப்புகளை அது அறியாது. தாமஸ் நோலின் பங்களிப்போடு அடோபி 2004இல் அறிமுகப்படுத்திய டிஎன்ஜி என்னும் பொது வடிவம் இந்தப் பிளவை ஓரளவு அடைத்தது.

தமிழில் இச்சிக்கல் எழுத்துருவின் வழியே வந்தது. யூனிகோடு முறையில் மெய்யெழுத்துக்குப் பின் சேமிக்கப்படும் எகரக் குறியைத் திரையில் அவ்வெழுத்துக்கு இடப்பக்கமாக இட்டுக் காட்டும் திறன் பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளுக்கு இல்லை. ஆகவே வடிவமைப்பாளர்கள் லத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய பாமினி போன்ற எழுத்துருக்களையும், தமிழக அரசு 1999இல் அறிவித்த டாம், டாப் குறியாக்கங்களைச் சார்ந்த எழுத்துருக்களையும் கொண்டு திருமண அழைப்பிதழ்களையும் சுவரொட்டிகளையும் அமைத்தனர். அந்த எழுத்துருக் கோப்பு புதிய கணினிக்கு வராமல் போனால், உரையடுக்கைத் திருத்த முற்பட்டவுடன் தமிழ் மறைந்து பொருளற்ற லத்தீன் எழுத்துகளும் குறிகளும் தோன்றும். 2010இல் யூனிகோடும் டேஸ்16 குறியாக்கமும் அரசின் தரமாக ஏற்கப்பட்ட பின்னரும், முன்பு சேமித்த கோப்புகள் பழைய எழுத்துருக்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

இத்தனைக்கும் நடுவில் படக்கோப்பு வியக்கத்தக்க நீள் ஆயுளைப் பெற்றிருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி வடிவத்தின் இலக்கணத்தை அடோபி பொதுவில் வெளியிட்டிருப்பதால், 1990களில் சேமித்த கோப்புகளை இன்றைய ஃபோட்டோஷாப்பும் பிறருடைய மென்பொருள்கள் பலவும் திறக்கின்றன. ஆனால் மூலப் படத்தைத் தொடாமல் திருத்தங்களைத் தனிக் குறிப்பாக வைத்திருக்கும் மென்பொருள்களில் இந்தக் காப்பு கிடைக்கவில்லை. கூகுள் 2016இல் கைவிட்ட பிக்காஸா, திருத்தங்களை ஒவ்வொரு கோப்புறையிலும் மறைவாக உள்ள ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி வைத்தது. படங்களை மட்டும் நகலெடுத்துச் சென்றவர்களுக்குத் திருத்தப்படாத மூலங்களே மிஞ்சின. ஆப்பிளின் அப்பெர்ச்சர், 2005இல் வெளிவந்து 2015இல் விற்பனை நிறுத்தப்பட்டு, கேட்டலினாவிலும் அதற்குப் பிந்தைய இயங்குதளங்களிலும் இயங்காமல் போனது. ஆண்டுக்கணக்கில் செய்த வண்ணத் திருத்தங்கள் அந்த ஒரு நிரல் மட்டுமே முழுமையாகப் படிக்கும் குறிப்புகளாக நின்றன.

பெர்க்லியில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கி 1996இல் வெளிவந்த கிம்ப், இதற்கு மாற்றான பாதையைக் காட்டியது. அதன் மூலநிரல் அனைவர்க்கும் திறந்திருப்பதால், புதிய சில்லு வரும்போதெல்லாம் வேண்டுவோர் அதனை மறுபடியும் தொகுத்து இயக்கிக்கொள்ள முடிகிறது. ஒப்புதல் கேட்கும் சர்வர் அதற்கு இல்லவே இல்லை. வணிக மென்பொருள்கள் எல்லாம் இவ்வழியில் வரவேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆனால் காலவரையற்ற உரிமம் என்று சொல்லி விலை பெற்ற நிறுவனம், தன் சர்வரை நிறுத்தும் நாளில் ஒப்புதல் வேண்டாத பதிப்பைக் கொடுத்துவிட்டுச் செல்லவேண்டும் என்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். அது வரும்வரை, பழைய கணினியைக் கைவிடுவதற்கு முன் அதிலுள்ள ஒப்புதலை விலக்குவதும், எழுத்துருக்களையும் வரிசை எண்ணையும் தனியே எடுத்து வைப்பதும், முடிந்த படங்களை டிஃப் போன்ற பொது வடிவில் ஒரு படி சேமிப்பதும் படம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ளவேண்டிய பணிகள்.