குழந்தைக்கான கைப்பின்னல் ஆடைகளின் வரலாறு

பிறக்கப்போகும் குழந்தைக்காகக் கம்பளி நூலில் குல்லா, காலுறை, மேல்சட்டை, போர்வை முதலியவற்றைக் கையால் பின்னுவது ஐரோப்பிய நாடுகளில் நெடுங்கால வழக்கமாகும். பின்னல் கற்கத் தொடங்குவோர் கையில் முதலில் கொடுக்கப்படும் வேலையும் பெரும்பாலும் இதுவே. குழந்தையின் ஆடை சிறியது. நூல் குறைவாகப் பிடிக்கும். சில நாள்களில் முடிந்துவிடும். அளவு சற்றுப் பெரிதாகிப் போனாலும் கவலையில்லை, குழந்தை வளர்ந்து அதை நிறைத்துவிடும்.

தமிழில் 'பின்னல்' என்ற சொல் சடைக்கும் கூடைக்கும் ஆடைக்கும் பொதுவாக வழங்குவதால் ஒரு விளக்கம் தேவை. நெசவில் பாவும் ஊடையுமாக இரண்டு நூல் தொகுதிகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னலில் ஒரே நூல் வளையம் வளையமாகச் சுருட்டப்பட்டு, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி இழுக்கப்படுகிறது. அதனால்தான் பின்னிய துணி இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. திருப்பூர்ப் பனியனும் இதே அமைப்புதான். அங்கே வேலையை இயந்திரம் செய்கிறது. கை, கால்களை ஓயாமல் உதைக்கும் குழந்தைக்கு இத்தகைய நெகிழும் துணி பொருந்துவது இயல்பே.

பழைய சான்றுகள்

எகிப்தின் அந்தினோபோலிஸ் நகரின் பழைய குப்பைமேட்டில் 1913-14ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த சிறு குழந்தையின் இடக்கால் உறை ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 300. செருப்பின் வார் நுழைவதற்காகக் கட்டைவிரல் தனியாகவும் மற்ற விரல்கள் சேர்ந்தும் அமைந்துள்ளன. பல வண்ணக் கோடுகள் கொண்ட இந்த உறைக்கு மஞ்சிட்டி இனச் செடி, அவுரி போன்ற நீலச்சாயச் செடி, மஞ்சள் சாயச் செடி ஆகிய மூன்றே சாயங்கள் பயன்பட்டன என 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆயினும் இது இன்றைய பொருளில் பின்னல் அன்று. கண் உள்ள ஒற்றை ஊசியால், துண்டு துண்டான நூலைக் கோத்து முடையும் இன்னும் பழைய முறை அது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளைக் கொண்ட பின்னலின் மிகப் பழைய சான்றுகளும் எகிப்திலிருந்தே கிடைக்கின்றன. அவை பல நூற்றாண்டுகள் பிந்தியவை, பருத்தி நூலால் ஆனவை. கம்பளி என்றால் பின்னல், பின்னல் என்றால் குளிர்நாடு என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது.

தாய் தன் குழந்தைக்குப் பின்னும் காட்சி 14ஆம் நூற்றாண்டின் கிறித்தவ ஓவியங்களில் காணப்படுகிறது. அவற்றுள் புகழ்பெற்றது, ஜெர்மனியின் பக்ஸ்டஹூட நகரத் தேவாலயப் பலிபீடத்திற்காக 1400ஆம் ஆண்டை ஒட்டி மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியரும் அவரது பட்டறையினரும் தீட்டியது. இன்று அது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் மரியாள் பல ஊசிகளைக் கொண்டு, தையலே இல்லாத சிறு சட்டையின் கழுத்துப் பகுதியை வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். அருகே குழந்தை இயேசு புத்தகத்துடன் படுத்திருக்கிறார். வானதூதர்கள் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி வருகின்றனர். இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது அவர் அணிந்திருந்த அங்கி தையலின்றி ஒரே துண்டாக இருந்தது என்கிறது யோவான் நற்செய்தி. ஓவியர் அந்தச் செய்தியைக் குழந்தைச் சட்டையுடன் இணைத்துவிட்டார். பின்னல் வரலாற்றை ஆராய்வோருக்கு இதில் வேறொரு பயனும் உண்டு. ஊசி பிடிக்கும் விதமும் கழுத்தை முடிக்கும் விதமும் சரியாக இருப்பதால், ஓவியர் உண்மையான பின்னலை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வாறு வட்டமாகப் பின்னும்போது ஒரே வகைக் கண்ணி போதும். கண்ணியை எதிர்ப்பக்கமாக இழுக்கும் இரண்டாவது வகை, அதாவது இன்று 'பர்ல்' எனப்படுவது, இத்தாலியில் 1562இல் இறந்த தொலேதோ எலியனோராவின் பட்டுக் காலுறைகளில்தான் முதன்முதலாகத் தெளிவாகக் காணப்படுகிறது. குழந்தைச் சட்டையோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஓவியத்தில் இடம்பெற்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பின்னல்

1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். அதன்பின் கைப்பின்னல் மெல்ல மெல்லப் பிழைப்புக்கான தொழில் என்ற நிலையிலிருந்து வீட்டு வேலையாகவும், 19ஆம் நூற்றாண்டில் வசதியுள்ள பெண்களின் பொழுதுபோக்காகவும் மாறியது. எடின்பரோவைச் சேர்ந்த ஜேன் கோகன் 1840இல் வெளியிட்ட பின்னல் நூல் பல பதிப்புகள் கண்டது. அவரே உருவாக்கிய எழுத்துக் குறிகளால் ஒவ்வொரு வரிசையையும் எழுதிக் காட்டினார். அதுவரை பாட்டி கையைப் பார்த்துப் பேத்தி கற்றுவந்த கலை, முன்பின் பார்த்திராத ஒருவர் அச்சில் படித்துச் செய்யும் கலையாயிற்று. இன்றைய மாதிரிக் குறிப்புகள் யாவும் இந்த வழியில் வந்தவையே.

ஏழைச் சிறுமியர்க்கோ பின்னல் பொழுதுபோக்கு அல்ல, பாடம். ஏழைப் பெண்பிள்ளைகளின் பள்ளிகளுக்கென 1838இலேயே பின்னல் ஆசிரியர் கையேடு அச்சாகியிருந்தது. 1862இல் நடைமுறைக்கு வந்த திருத்தக் கல்விச் சட்டத்தொகுப்பின்படி, பெண்பிள்ளைகளுக்குத் தையல் வேலை கற்பித்தால்தான் பள்ளிக்கு அரசு மானியம். ஆண்பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் பெண்பிள்ளைகள் ஊசியும் நூலுமாக அமர்ந்தனர். அதனால் கணக்கில் அவர்கள் பின்தங்கியதை அறிந்த அதிகாரிகள் பாடவேளையை மாற்றவில்லை. பெண்பிள்ளைகளுக்கான கணக்குத் தேர்வின் தரத்தையே தளர்த்தினர். கைவேலை நல்ல பாடம்தான், ஒரு பாதி மாணவர்க்கு மட்டும் மற்றொரு பாடத்தின் இடத்தில் அதை வைத்ததே அநீதி. குழந்தைக் காலுறையின் வரலாற்றில் இந்தக் கணக்கும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

அதே காலத்தில் ஏழைத் தாய்மார்க்குப் பேறுகால உடைகள் இரவலாகத் தரப்பட்டன. குழந்தைத் துணிகள் நிறைந்த பையை வசதியுள்ள பெண்கள் தயாரித்து வைப்பர். பிரசவத்தின்போது வாங்கிச் செல்லும் தாய், பின்னர் துவைத்துத் திருப்பித் தர வேண்டும். 1900ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. சூடு என்பது அங்கு அழகுக்கான பேச்சாக இருக்கவில்லை.

கம்பளிக்குப் போட்டியாக வந்தது பிளானலெட் என்னும் மலிவான பருத்தித் துணி. கம்பளி போலவே மெத்தென்று இருந்தாலும் அதன் மேற்பரப்பிலுள்ள பஞ்சு சட்டெனத் தீப்பற்றும். கணப்பின் அருகே விளையாடிய குழந்தைகள் பலர் இதனால் உயிரிழந்தனர். காப்புக் கம்பி இல்லாத கணப்புள்ள அறையில் 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையை விட்டு, அதனால் குழந்தை இறந்தாலோ கடுங்காயமுற்றாலோ பெற்றோருக்குத் தண்டனை என 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் வகுத்தது. கம்பளி எளிதில் தீப்பற்றுவதில்லை. ஆனால் அதன் விலை எட்டாதவர்கள்தாம் பிளானலெட் வாங்கினர் என்பதைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

போர்க்காலமும் பின்பும்

பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. பின்னல் நூலும் அதில் அடங்கியது. கருவுற்ற பெண்களுக்குக் கூடுதல் கூப்பன்கள் தரப்பட்டன. போதாததற்கு, பெரியவர்களின் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து, சுருக்கம் போகக் காயவைத்துக் குழந்தைக்குப் பின்னினர். நெய்த துணியில் இது முடியாது. பின்னலில் நுனியைப் பிடித்து இழுத்தால் முழு ஆடையும் மீண்டும் நூலாகிவிடும்.

புதியவர்களுக்கு ஏற்ற வடிவங்களில் அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஜிம்மர்மன் 1968இல் உருவாக்கிய குழந்தை மேல்சட்டை தனியாகக் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் 1910இல் பிறந்த இவர், முன்பக்கம், பின்பக்கம், கை எனத் தனித்தனியே பின்னித் தைக்கும் முறையை விரும்பாதவர். அவரது சட்டை ஊசியில் இருக்கும்போது உருவமற்ற விரிப்புப் போலத் தோன்றும். முடித்தபின் காகிதக் கப்பல் போல மடித்துத் தோளில் இரண்டு தையல் போட்டால் சட்டையாகிவிடும். பெரும்பகுதிக்கு ஒரே வகைக் கண்ணிதான். கண்ணிகளைச் சில இடங்களில் கூட்டியும் குறைத்தும் வளைவுகள் உண்டாக்கப்படுகின்றன.

இன்றைய தொடக்கநிலைப் பின்னலுக்குப் பொதுவாகக் கூறப்படுபவை சில. முதலில் சதுரமான சிறு போர்வை, அடுத்துக் குல்லா, பிறகு காலுறை. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. பின்னல் நெகிழும் என்பதால் குல்லாவை அதைவிடச் சில செ.மீ. குறைவாகப் பின்னுவர். கண்ணிகளுக்கிடையே ஓட்டை பெரிதானால் குழந்தையின் விரல் சிக்கும். உட்புறம் தொங்கும் நூல்முனை விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடக் கூடும். ஆகவே முனைகளை ஊசியால் உள்ளே செருகிவிட வேண்டும். கழுத்தில் கட்டும் நாடா, பொத்தானுக்குப் பதில் மணி ஆகியவை கூடா. தூங்கும் குழந்தைக்கு வீட்டினுள் குல்லா அணிவிக்க வேண்டாம் என்றும் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர், ஏனெனில் குழந்தை மிகை வெப்பத்தைத் தலைவழியே வெளியேற்றுகிறது.

கம்பளியைச் சுடுநீரில் அலசினால் சுருங்கிக் கட்டியாகிவிடும். அக்ரிலிக் நூலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் கம்பளி பொருந்தும். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து மென்மையாக்கிப் பச்சிளங்குழந்தையைச் சுற்றும் தமிழகச் சமவெளி வீடுகளில், பின்ன விரும்புவோர்க்குப் பருத்தி நூலே ஏற்றது.