பழைய டர்ன்டேபிளில்தான் பாட்டு நல்லா கேட்குமா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

பரணைச் சுத்தம் பண்ணும்போது தாத்தாவோட இசைத்தட்டுகள் கிடைச்சிருக்கு. போட்டுக் கேட்க பிளேயர் இல்லை. பழைய பொருள் விற்கும் கடைக்குப் போனால், "புதுசெல்லாம் பிளாஸ்டிக் சார், அந்தக் காலத்து மெஷின்தான் மெஷின்" என்பார்கள். அது உண்மையா?

ஒரே மாடல்... 37 வருட இடைவெளி

ஒப்பிட்டுப் பார்க்க வசதியா ஒரு மெஷின் இருக்கு. ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த எஸ்.எல்-1200. அதன் எம்.கே.2 மாடல் 1979-ல் வந்தது. குவார்ட்ஸ் படிகத்தை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தியதால், உலகம் முழுக்க டி.ஜே.க்களின் செல்லமானது. 2010-ல் தயாரிப்பு நின்றது. 2016-ல் எஸ்.எல்-1200ஜி என்ற பெயரில், புது மோட்டாருடன் மறுபடி வந்தது. அப்போது அமெரிக்காவில் விலை 4,000 டாலர்!

தட்டு சுற்றும் வேகம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் சுருதி அலையும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் இது சட்டுனு காதில் மாட்டும். இந்த அலைவு 1979 மெஷினுக்கு 0.025 சதவீதம் என்றது நிறுவனம். 2016 மெஷினுக்கு? அதே 0.025 சதவீதம்தான். அதாவது, இந்த விஷயத்தில் 70-களிலேயே சிகரம் தொட்டுவிட்டார்கள். பழசைப் புகழ்பவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஆனால் அந்த எண் மெஷின் புதுசா இருந்தபோது அளந்தது. இன்று உங்கள் கைக்கு வருவது 40 வயதைத் தாண்டிய மெஷின். பெல்ட் உள்ள மெஷின் என்றால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மோட்டாரில் போட்ட கிரீஸ் பிசினாகியிருக்கும், உள்ளே கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். 1950-களின் புகழ்பெற்ற இங்கிலாந்து மெஷினான கேரார்ட் 301-ல் ரப்பர் சக்கரம்தான் தட்டைச் சுழற்றும். அந்த ரப்பர் இறுகினால் 'கடகட' சத்தம் பாட்டோடு சேர்ந்தே வரும். சர்வீஸ் செய்தால் அருமையாகப் பாடும் என்பது வேறு விஷயம்.

பாடுவது ஊசிதான்

மெஷினின் வயதை விட முக்கியமானது ஊசியும் அது மாட்டியிருக்கும் கார்ட்ரிட்ஜும். முனையில் இருப்பது வைரமே ஆனாலும் தேயும். தேய்ந்த ஊசி, தட்டின் பள்ளங்களைச் செதுக்கிவிடும். அப்புறம் எந்த மெஷினில் போட்டாலும் கரகரப்புதான், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

இங்கே புதுசும் ஏமாற்றும். சூட்கேஸ் மாதிரி அழகா இருக்கும் மலிவான பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். நல்ல காந்த கார்ட்ரிட்ஜ் சுமார் 2 கிராம் எடையில் தட்டைத் தொடும். செராமிக் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். தாத்தாவின் தட்டை அதில் போடாதீங்க.

அப்போ அந்த 'கதகதப்பான' ஒலி? நம்ம வீடுகளில் இருந்த ஹெச்.எம்.வி பெட்டிகளில் கீச்சென்ற மேல் ஒலிகள் குறைவாகவே வெளியே வரும். அந்த இதமே பலருக்கு நினைவில் தங்கியிருக்கு. பிடித்திருந்தால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் தட்டில் பதிவானது முழுசும் அதில் வரவில்லை.

தியாகராஜ பாகவதர் காலத்து 78 வேகத் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பழசின் பக்கம் ஒரு வலுவான காரணம் உண்டு. இன்றைய பல மெஷின்களில் 78 வேகமே இல்லை. (1979 எம்.கே.2-விலும் இல்லை!) கேரார்ட் 301-ல் இருக்கு. ஆனால் அதற்கும் எல்.பி ஊசி ஆகாது, சுமார் 3 மடங்கு அகலமான ஊசி தனியாக மாட்டணும்.

வெளிநாட்டு மெஷின் வாங்குறீங்களா?

இதுதான் பலர் கோட்டை விடும் இடம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. அப்படியே சொருகினால் புகைதான் வரும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம், ஆனால் ஹெர்ட்ஸ் மாறாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பிச் சுழலும் பழைய அமெரிக்க மோட்டார்கள் இங்கே 33.3-க்குப் பதில் நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் சுற்றும். பாடகர் சுமார் ஒன்றரைக் கட்டை இறங்கிப் பாடுவார்! குவார்ட்ஸ் மெஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி: சுழலும் தட்டின் மேல் செல்போனை வைத்தால் வேகத்தை அளந்து சொல்லும் ஆப்கள் இருக்கு. 33.3 காட்டி, அதிலேயே நின்றால் அடுத்து ஊசியைப் பாருங்க. எண் குதித்துக்கொண்டே இருந்தால், சர்வீஸ் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்க.