ஊர் திரும்புதல் என்னும் கணக்கு

நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், பதில் வருவதற்குச் சற்றுத் தாமதமாகும். தந்தைவழிப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கமாக இருக்கும். தாய்வழி தஞ்சாவூராக இருக்கும். வளர்ந்ததோ ஏதேனும் ஒரு வட்டத்தில், நிறுவனம் அளித்த குடியிருப்பில். அப்பா பணி ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். வாசலில் நாமே நட்டு வளர்த்த பலாமரம் அடுத்து வருபவருக்குக் காய்க்கும். 2020ஆம் ஆண்டில், அயல்நாட்டில் இருந்த எங்கள் முன்னால் 'ஊருக்குப் போவதா, வேண்டாமா' என்ற கேள்வி வந்து நின்றபோது, 'எந்த ஊருக்கு' என்ற இன்னொரு கேள்வியும் அதற்குள் ஒளிந்திருந்தது.

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே சோவியத் உதவியுடன் எழுந்த அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இந்தச் சுரங்கத்துக்காக ஊர்கள் காலி செய்யப்பட்டன. அங்கிருந்து பெயர்ந்தவர்களுக்கு ஊர் திரும்புவது என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமற்போனது. திரும்புவதற்கு அந்த இடம் இருந்தால்தானே? எங்கள் ஊர், பிறர் ஊரின் மேல் எழுந்த ஊர்.

*

கொள்ளை நோய்க் காலத்தில் பயணம் செய்வதா என்ற கேள்வி தமிழர்களுக்குப் புதிதன்று. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதைத் தொடர்ந்து, 1897இல் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பயணிகளைச் சோதிக்கவும் தனியே நிறுத்திவைக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு செல்வோரில் பெரும்பகுதியினர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள். பிளேக்கும் காலராவும் தன் தீவுக்குள் நுழையாதிருக்க, இலங்கை அரசு தமிழகக் கரையிலேயே தடுப்பு முகாம்களை நடத்தியது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது மண்டபம் முகாம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, தோட்டத்துக்குப் போகிறவர் மண்டபத்தில் சில நாட்கள் அடைபட்டிருந்தே கடலைக் கடக்க முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முகாம் காத்தது தோட்டத்தை. தொழிலாளியின் கிராமத்தை அன்று. நூறாண்டு கழித்து, 2020இல், தடுப்பு வேலி திசை மாறியது. இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவனிடமிருந்து ஊரைக் காக்க வேண்டியிருந்தது. சட்டம் மட்டும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்.

திரும்பி வருபவனைக் கண்டு அஞ்சுவதற்கும் வரலாற்றில் காரணம் உண்டு. 1918 கோடையில் இன்ஃபுளுவென்சா பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இந்தியாவுக்குள் நுழைந்தது. முதல் உலகப்போரின் படைவீரர்களை ஏற்றிவந்த கப்பல்கள் அதனைக் கொண்டுவந்தன என்பது பலரும் ஏற்கும் கருத்து. போரில் பிழைத்து வீடு திரும்பியவர்களோடு வந்த நோய், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

*

2020 மார்ச் 22இல் இந்தியா பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. மூன்றாம் நாள் நாடே அடைக்கப்பட்டது. நாங்கள் அக்காவும் தம்பியுமாக இருவர், அமெரிக்காவில் வெவ்வேறு நகரங்களில் இருந்தோம். அப்பா நெய்வேலியில் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய்.

மே 7ஆம் தேதி 'வந்தே பாரத்' விமானங்கள் பறக்கத் தொடங்கின. தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலை இழந்தோர், விசா முடிந்தோர், கருவுற்ற பெண்கள், வீட்டில் மரணம் நேர்ந்தோர் ஆகியோருக்கே முன்னுரிமை. கட்டணம் அவரவர் பொறுப்பு. வந்திறங்கிய பின் பதினான்கு நாள் தனிமை. மே இறுதியில் வந்த விதிகளின்படி அதில் ஏழு நாள் சொந்தச் செலவில் வெளியிடத்தில், ஏழு நாள் வீட்டில். கடல்வழியாகவும் மீட்பு நடந்தது. 'ஜலாஷ்வா' என்ற கடற்படைக் கப்பல் ஜூன் மாதம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடிக்கு ஏற்றிவந்தது. தோட்டத் தொழிலாளர் போய்வந்த அதே கடல்.

எங்கள் இருவருக்கும் தடை வெவ்வேறு விதமாக அமைந்தது. அக்காவின் குழந்தை அமெரிக்காவில் பிறந்தது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டையைக் கொண்டு விசாவின்றி நுழையும் உரிமையை இந்தியா மார்ச் 13 முதல் நிறுத்தியிருந்தது. ஆக, தாய் வரலாம். பிள்ளை வர முடியாது. மே 22இல்தான் இவ்விதி தளர்ந்தது. தம்பிக்கு விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. இந்தியாவில் அமெரிக்கத் தூதரகங்கள் வழக்கமான விசாப் பணிகளை நிறுத்தியிருந்தன. ஜூன் 22இல் அமெரிக்க அதிபரின் ஆணை புதிய பணி விசாக்களுக்கும் தடை போட்டது. ஊருக்குப் போனால் திரும்புவது உறுதியில்லை.

இவையெல்லாம் தாளில் எழுதிக் கூட்டிக் கழிக்கக்கூடியவை. கூட்டிக் கழிக்க இயலாத ஒன்று இருந்தது. சாதாரண நாட்களில், தந்தியோ தொலைபேசியோ வந்த பிறகே மனிதர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பெட்டியில் ஒரு நாள், விமானத்தில் ஒரு நாள். எப்படியும் முகம் பார்த்துவிடலாம். தனிமை விதிகளோ அந்த வழக்கத்தை அடியோடு மாற்றின. விலக்குக் கேட்டுப் பெறலாம் என்றாலும், விமானமே எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில் சேதி வந்தபின் கிளம்புவதால் பயனில்லை. எனவே போவதென்றால், ஒன்றும் நேராதபோதே போக வேண்டும். அதாவது, பெற்றவர்களுக்கு ஏதோ நேரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பெட்டி கட்ட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு அதற்குக் கை வரும்?

அதே மே மாதம் கடலூர் மாவட்டம் வேறொரு பாடத்தைக் கண்ணெதிரே கண்டது. சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களோடு தொற்றும் வந்து, மாவட்டத்தில் எண்ணிக்கை சில நாட்களில் பன்மடங்காயிற்று. பிழைப்புப் போனபின் வீட்டுக்குத் தவிர வேறெங்கும் போக வழியில்லாதவர்கள் அவர்கள். ஆனால் வந்தவர்களை ஊர் பார்த்த பார்வையை அப்பா தொலைபேசியில் சொன்னார். பிறகு, "இருக்கிற இடத்திலேயே இருங்கள்" என்றார். அம்மா அப்படிச் சொல்லவில்லை. "வந்தால் பதினாலு நாள் எங்கே தங்குவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதை ஒரு தடையாகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் போகவில்லை.

*

நோய் மட்டுமே ஆபத்தன்று என்பதையும் அவ்வாண்டு காட்டியது. மின்சாரம் இன்றியமையாத பணி என்பதால் நெய்வேலி நிற்கவில்லை. விமானங்கள் புறப்பட்ட மே 7ஆம் நாளே இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நேர்ந்தது. ஜூலை 1ஆம் தேதி அதே நிலையத்தில் இன்னொன்று. அன்றே ஆறு பேர் மாண்டனர், பின்னர் எண்ணிக்கை கூடியது. ஈரானிலிருந்து 687 பேருடன் ஜலாஷ்வா தூத்துக்குடியை அடைந்ததும் அதே ஜூலை 1. ஒரு கரையில் மனிதர்கள் வீடு வந்து சேர்ந்த நாளில், வீட்டிலிருந்து சில கல் தொலைவுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தூரம்தான் ஆபத்து என்று நாங்கள் போட்டிருந்த கணக்கு அன்று பொய்த்தது.

செப்டம்பர் இறுதியில் முதல் அனல் மின் நிலையம் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 1962 முதல் 58 ஆண்டுகள். அரசு ஊழியர்களின் பழைய ஓய்வு வயது. டிசம்பரில் அப்பாவும் ஓய்வு பெற்றார். சில மாதங்களில் குடியிருப்பைக் காலி செய்து, கடலூரில் முன்பே வாங்கிவைத்த சிறு வீட்டுக்குப் பெற்றோர் குடிபெயர்ந்தனர். பொருள்களில் எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்பதைக் காணொளி அழைப்பில் நாங்கள் தீர்மானித்தோம். 2021இல் போகலாம் என்றிருந்தபோது இரண்டாம் அலை வந்தது. மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருவோருக்கு அமெரிக்கா தடை விதித்தது. 2022 மார்ச் 27இல் வழக்கமான விமானங்கள் மீண்ட பிறகு, ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தோம்.

பெற்றோர் நலமாக இருந்தார்கள். ஆகவே எங்கள் முடிவு சரி என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், இதே முடிவை இதே உறவினர் வேறு சொல்லால் குறித்திருப்பார்கள். முடிவெடுத்த நாளில் எங்கள் கையில் இருந்த தகவல் மட்டும் இரண்டு கதைகளிலும் ஒன்றே.

நெய்வேலிக்கும் ஒரு நாள் போனோம். ஆர்ச் கேட்டைக் கடந்து எங்கள் வட்டத்துக்குள் நுழைந்து, பழைய வாசலில் நின்றோம். கொடியில் வேறொருவர் துணிகள். பலாமரம் காய்த்திருந்தது. உள்ளே போகவில்லை. ஊர் இருக்கிறது, உள்ளே நுழைய நமக்கு உரிமையில்லை. சுரங்கத்தால் பெயர்ந்தவர்களுக்கோ நின்று பார்க்க ஒரு வாசல்கூட மிஞ்சவில்லை. அவர்களைப் பற்றி நாங்கள் நினைத்தது அன்றுதான் முதல்முறை.

கடலூர் வீட்டுப் பரணில் புதிய வாளி ஒன்றும் குவளையும் இரண்டு தட்டுகளும் பாயும் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தன. என்ன இது என்று கேட்டோம். நெய்வேலி வீட்டின் பின்னறையை ஒழித்து, 2020 மே மாதமே எங்களுக்காக வாங்கிவைத்தவை என்றார் அம்மா. பதினாலு நாள் எங்கே தங்குவீர்கள் என்று அவர் கேட்டது கேள்வியே அன்று.